உறக்கமும் இரத்தக் கொதிப்பும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது காரோடு. அருகே பாறசாலை, சற்று வடமேற்கே நெய்யாற்றின்கரை, கிழக்கே எல்லையைத் தாண்டினால் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டில் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது கோடு இவ்வூர்களின் ஊடே விழுந்தது. எனினும் மக்களின் உறவும் பேச்சும் தொழிலும் கோட்டின் இருபுறமும் பெரிதும் ஒன்றாகவே இருந்து வருகின்றன. அத்தொழில்களுள் ஒன்று ரப்பர்ப் பால்வெட்டு. கடற்கரையை விட்டு வெள்ளறடை நோக்கியும், எல்லைக்கு அப்பால் அருமனை, குலசேகரம் நோக்கியும் மேடேறிச் செல்லும் நிலங்களில், இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் மரங்களிடையே தலைவிளக்குகள் நகர்வதைக் காணலாம்.

இந்நேரத்தில் வேலை தொடங்குவதற்கு மரமே காரணமாகும். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்பே உச்சத்தில் நிற்கின்றது. 1960களில் மலேயாவில் அதனை அளந்த ஆராய்ச்சியாளர்கள், அது 10 முதல் 15 வளிமண்டல அழுத்தம்வரை இருக்கும் எனக் கண்டனர். லாரிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தையும் இது விஞ்சியதாகும். சூரியன் எழுந்ததும் இலைகள் நீரை ஆவியாக வெளியிடத் தொடங்குகின்றன; அழுத்தம் தளர்கின்றது; சிரட்டையில் விழும் பாலும் குறைகின்றது. ஆகவே ஒரு நாளில் முந்நூறு மரங்களுக்கு மேல் வெட்டவேண்டிய தொழிலாளி, மரத்தின் அழுத்தம் மிகுந்திருக்கும் பொழுதைத் தேடி எழவேண்டியவராகிறார்.

மனிதனின் உடலிலோ நியதி இதற்கு நேர்மாறானது. இரவின் அந்த யாமத்தில் மனித இரத்தத்தின் அழுத்தம் ஒரு நாளின் மிகத் தாழ்ந்த நிலையில் இருத்தல் வேண்டும். மரத்தின் அழுத்தம் ஏறும் பொழுதில் மனிதனின் அழுத்தம் இறங்கவேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. இவ்விறக்கம் நிகழாதுபோனால் விளைவது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். பால்வெட்டுத் தொழிலாளருக்கு மட்டுமன்றி, பொழியூர்க் கரையிலிருந்து இரவில் கடலேறுவோருக்கும், கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையில் இராப்பொழுதெல்லாம் லாரி ஓட்டுவோருக்கும், வீட்டிலேயே படுத்தும் நன்கு உறங்காத எவருக்கும் இது பொருந்தும்.

உறங்கும்போது அழுத்தம் இறங்குகின்றது என்பது முன்பே அறியப்பட்டிருந்தபோதிலும், அதனைத் தொடர்ச்சியாக அளந்தறிவது எளிதாயிருக்கவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் உறங்குபவர் விழித்துக்கொள்வார். 1960களில் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவர்கள், கையின் இரத்தக்குழாயினுள் ஒரு நுண்குழாயைச் செலுத்தி, அதனைச் சிறு பதிவுக்கருவி ஒன்றுடன் இணைத்து, நோயாளியை வீட்டிற்கே அனுப்பி இரவும் பகலும் பதிவுசெய்தனர். இப்பொழுது அத்துணைத் துன்பம் தேவையில்லை. இடுப்பில் அணியும் சிறு கருவி ஒன்று, கையிலுள்ள பட்டையைக் கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒருமுறை தானே உப்பவைத்து 24 மணி நேரமும் அளவெடுத்து வைக்கின்றது. நல்ல உடல்நிலையுள்ளவரின் அழுத்தம், பகல் அளவைவிட இரவில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு குறைகின்றது எனத் தெரிந்துள்ளது. பகலில் 130 மில்லிமீட்டர் பாதரசம் இருப்பவருக்கு உறக்கத்தில் 110 அளவில் இருக்கும் எனக் கொள்ளலாம்.

இவ்விறக்கம் படுத்துக் கிடப்பதனால் மட்டும் நிகழ்வதன்று. இருதயத்தை விரைவுபடுத்தி இரத்தக்குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகள் என்பவை விழித்திருக்கும்வரை ஓயாது கட்டளையிட்டுக்கொண்டிருக்கின்றன. 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உறங்குவோரின் கால்நரம்பில் நுண்ணிய ஊசியைப் பொருத்தி அக்கட்டளைகளையே எண்ணிப் பார்த்தனர். ஆழ்ந்த உறக்கத்தில் அவை விழிப்பு நிலையில் இருந்ததிற் பாதிக்கும் கீழே குறைந்தன. கனவு காணும் உறக்கத்தில் மீண்டும் பெருகின. ஆகவே இருதயத்திற்கும் குழாய்களுக்கும் உண்மையான ஓய்வைத் தருவது ஆழ்ந்த உறக்கமே. மணிக்கணக்கு போதியதாயிருந்தும் ஆழம் இல்லையேல் அவ்வோய்வு கிட்டுவதில்லை.

கேரளத்தில் இது சிறிய பிரச்சினையன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையத்தார், 18 முதல் 69 வயதுவரையுள்ள 12,000 பேருக்கு மேல் 2016–17இல் பரிசோதித்தனர். ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களுள் எட்டில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருந்தது. படிப்பறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் மாநிலத்தின் நிலை இது. 2017இல் தொடங்கிய இந்திய இரத்தக்கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சியில் முதலில் சேர்ந்த மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. 2022 முதல் ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் சென்று, முப்பது வயதைக் கடந்தோரின் உடல்நல விவரங்களைக் கைபேசியில் பதிந்து வரலாயினர்.

இவ்வேலைகள் யாவும் பாராட்டத்தக்கவையே. ஆனால் அளவெடுக்கப்படுவது பெரும்பாலும் பகற்பொழுதில். இரவின் நிலை குறிப்பேட்டில் ஏறுவதில்லை. ஜப்பானின் வடபகுதியிலுள்ள ஓகசாமா என்னும் வேளாண் ஊரில், மக்களுக்கு 24 மணி நேரக் கருவியைப் பொருத்திப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. இரவின் இறக்கம் நூற்றுக்கு 5 பங்கு குறையுந்தோறும், இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 20 பங்கு மிகுந்தது. 24 மணி நேரச் சராசரி அழுத்தம் சரியாயிருந்தவரிடத்தும் இத்தொடர்பு காணப்பட்டது. பகலில் ‘பிரஷர் இல்லை’ என்று மகிழ்ந்து திரும்பும் ஒருவருக்கு இரவில் அது இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

உறக்கம் கெடும் வழிகளுள் எளிதிற் கண்ணுக்குப் புலப்படுவது நேரக்குறைவு. அமெரிக்காவில் நடுத்தர வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியோருக்கு இரத்தக் கொதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு, ஏழு, எட்டு மணி நேரம் உறங்கியோரைவிட இருமடங்காயிருந்தது. உடற்பருமன், நீரிழிவு முதலியவற்றைக் கணக்கிற் கழித்தபின் அது ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்தது, மறைந்துவிடவில்லை. இவ்வாறான ஆய்வுகள் தொடர்பைக் காட்டுவனவே அன்றி, உறக்கக் குறைவு ஒன்றே காரணம் என்று நிறுவுவன அல்ல. வறுமை, கவலை, மது ஆகியவை உறக்கத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே கெடுக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது அரிது.

இரண்டாவது வழி குறட்டை. இதைப் பற்றி ஊரில் நிலவும் எண்ணம் முற்றிலும் தலைகீழானது. பலமாகக் குறட்டை விடுபவர் நிம்மதியாக உறங்குகிறார் என்று வீட்டார் கருதுகின்றனர். உண்மையில் குறட்டை என்பது தளர்ந்த தொண்டைத் தசைகளின் இடையே காற்று முட்டிமோதிச் செல்லும் ஓசையாகும். சிலருக்கு அவ்வழி முழுதும் அடைபட்டு, பத்து வினாடியோ அதற்கு மேலோ சுவாசம் நின்றுவிடுகின்றது. மார்பு ஏறி இறங்குகின்றது, காற்று உட்செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகின்றது. மூளை அபாயத்தை உணர்ந்து அரைகுறையாக விழிக்கின்றது. ஒரு திணறலுடன் காற்று உள்ளே பாய்கின்றது. அக்கணத்தில் பரிவு நரம்புகள் சீறியெழ, இரத்த அழுத்தம் திடீரென மேலேறுகின்றது. நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேலும் இவ்வாறு நிகழலாம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிலிராது. தாம் எட்டு மணி நேரம் உறங்கியதாகவே அவர் மனமாரச் சொல்வார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அரசு ஊழியர்களிடையே நடந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஒரு மணி நேரத்தில் 15 முறையோ அதற்கு மேலோ சுவாசம் தடைப்பட்டவர்களுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து இரத்தக் கொதிப்பு காணப்படும் வாய்ப்பு, தடையே இல்லாதவரைவிட ஏறத்தாழ மும்மடங்காயிருந்தது என 2000இல் வெளியிடப்பட்டது. இந்நோய் மேனாட்டாருக்கே உரியது என்று எண்ணவும் இடமில்லை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள், வயதுவந்தோருள் நூற்றுக்கு 11 பேருக்கு இது இருக்கலாம் என்று 2023இல் மதிப்பிட்டனர். பருத்த உடல் இதற்கு முக்கிய காரணமாயினும், தாடை சிறுத்தோ பின்தள்ளியோ அமைந்த மெலிந்தவருக்கும் வரலாம். மூன்று வகை மாத்திரை உட்கொண்டும் அழுத்தம் அடங்காதவர்களைப் பரிசோதித்தால், அவர்களிற் பெரும்பகுதியினருக்கு இச்சுவாசத் தடை இருப்பது தெரியவருகின்றது.

ஆகவே குறட்டையைப் பற்றி நோயாளியைக் கேட்பதில் பயன் குறைவு. அருகே படுப்பவரைக் கேட்கவேண்டும். இரவில் குறட்டை சட்டென்று நின்று பிறகு திணறலோடு தொடங்குகிறதா, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்கிறாரா, காலையில் தலைவலி உண்டா என்று மனைவியிடமோ மகனிடமோ விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளிப்படும். ‘உறக்கம்’ என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது என்பதால் எல்லைப்புறத்தில் கேள்வியைத் தொடங்குவது எளிது. குறட்டையை மட்டும் ‘கூர்க்கம்’ என்று சொன்னால்தான் சில வீடுகளில் விளங்கும்.

மூன்றாவது வழி உப்பு. கருவாடும் ஊறுகாயும் கப்பக்கிழங்குக்குத் துணையாகும் இப்பகுதியில் இது தனியே கவனிக்கத்தக்கது. உட்கொண்ட உப்பைப் பகலுக்குள் வெளியேற்ற இயலாத சிறுநீரகம், அவ்வேலையை இரவிலும் தொடர்கின்றது. அதற்கு இரத்த அழுத்தம் உயர்ந்து நின்றாகவேண்டும். எனவே இரவின் இறக்கம் தடைப்படுகின்றது. அதோடு சிறுநீர் கழிக்க இரண்டு, மூன்று முறை எழநேர்கின்றது, உறக்கமும் துண்டாகின்றது. பகலெல்லாம் நின்று வேலைசெய்து காலில் தேங்கிய நீர், படுத்தபின் மேல்நோக்கிப் பரவிக் கழுத்தின் திசுக்களை வீங்கச்செய்து சுவாச வழியைக் குறுக்குவதும் உண்டு. முதியவர் இரவில் பலமுறை எழுவதை வயதின்மேல் ஏற்றிவிடுவது வழக்கம். அதற்கு நீரிழிவோ, சுரப்பி வீக்கமோ, இரத்தக் கொதிப்போ காரணமாயிருக்கலாம் என்பதால் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது பயன்தரும்.

இனி, நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பால்வெட்டுத் தொழிலாளி காலை பத்து மணிக்குச் சுகாதார நிலையத்திற்கு வருகிறார் என்று கொள்வோம். மற்றவர்க்கு அது காலை. அவருக்கோ விழித்து எட்டு மணி நேரம் ஆயிற்று. மரங்களை வெட்டி, சிரட்டைப் பாலைச் சேர்த்து, தட்டுகளில் உறைய ஊற்றிவிட்டு, வரும் வழியில் கடையில் ஒரு தேநீரும் பீடியும் முடித்து வந்திருக்கிறார். உடனே அளந்தால் 150/96 காட்டலாம். அவ்வளவை நம்பி முடிவுசெய்தல் தவறு. வெறும் களைப்பு என்று தள்ளுதலும் தவறு. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமரச்செய்து, தேநீரும் பீடியும் முடிந்து அரைமணி கழிந்தபின், இருமுறை அளந்து, எழுந்த நேரத்தையும் உறங்கிய நேரத்தையும் அருகே குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொரு நாளும் அளக்கவேண்டும்.

அவரிடம் ‘எட்டு மணி நேரம் உறங்குங்கள்’ என்று சொல்லியனுப்புவது அறிவுரையாகாது. இரண்டு மணிக்கு எழவேண்டியவர் அவ்வாறு உறங்க வேண்டுமானால் மாலை ஆறு மணிக்கே படுக்கவேண்டும். விளக்கேற்றும் நேரத்தில் எந்த வீடும் அடங்குவதில்லை. எட்டு மணிக்குள் படுத்து ஆறு மணி நேரம் பெறுவதும், பால்வேலை முடிந்து உணவுக்குப்பின் ஒன்றரை மணி நேரம் இருண்ட அறையில் கண்ணயர்வதும் நடைமுறைக்கு ஒத்தது. பகலுறக்கத்திலும் அழுத்தம் இறங்குகின்றது; இரவுறக்கத்தின் அளவுக்கு இறங்குவதில்லை என்று இரவுவேலை செய்வோரிடையே நடந்த ஆய்வுகள் காட்டினாலும், இல்லாமையினும் அது மேலே. வீட்டார் எட்டு மணிக்குத் தொலைக்காட்சியின் ஓசையைக் குறைப்பதும், அவர் கைபேசியைப் படுக்கைக்குக் கொண்டுசெல்லாதிருப்பதும் செலவில்லாத உதவிகள். உறக்கம் வருவதற்கென்று மது அருந்துவோர் இப்பகுதியில் பலர். மது உறக்கத்தை விரைவில் வரவழைப்பது மெய். பின்னிரவில் அதனைக் கலைப்பதும், தொண்டைத் தசையைத் தளர்த்திச் சுவாசத் தடையைப் பெருக்குவதும், அழுத்தத்தை உயர்த்துவதும் அவ்வளவே மெய். மருத்துவரைக் கேளாமல் வாங்கும் உறக்க மாத்திரையும் சுவாசத் தடையுள்ளவருக்கு ஆபத்தாகலாம்.

மாத்திரையைப் பற்றி ஒரு குழப்பம் நீடித்து வருகின்றது. ‘காலையில் ஒன்று’ என்று சீட்டில் எழுதியிருப்பின், இரண்டு மணிக்கு எழுபவருக்குக் காலை எது? சிலர் வெறும் வயிற்றில் விழுங்குகின்றனர். சிலர் வேலைக்குப் பின் என்று வைத்து மறந்துவிடுகின்றனர். இரத்தக்கொதிப்பு மாத்திரையை இரவில் உட்கொண்டால்தான் நன்மை மிகுதி என்றும் சில ஆண்டுகள் பரவலாகப் பேசப்பட்டது. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனை 2022இல் இதனைத் தீர்த்தது. காலையில் உட்கொண்டோருக்கும் மாலையில் உட்கொண்டோருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றில் வேறுபாடு இல்லை. ஆகவே நாள்தோறும் தவறாது நினைவுக்கு வரும் ஒரு நேரம் எதுவோ அதுவே அவருக்கு ஏற்ற நேரம். தோட்டத்திலிருந்து திரும்பியதும் உணவோடு உட்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுத் தரலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை மட்டும் மாலையில் வேண்டாம். அது இரவுறக்கத்தைக் கெடுக்கும்.

உறக்கம் சீரானால் மாத்திரையை விட்டுவிடலாம் என்னும் பேச்சுக்கும் ஆதாரமில்லை. சுவாசத் தடைக்கு 1981இல் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன் கண்டுபிடித்த முறைப்படி, முகமூடி வழியே காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தித் தொண்டை வழியைத் திறந்து வைக்கின்றனர். அதனால் பகல் மயக்கம் நீங்குகின்றது. ஆனால் இரத்த அழுத்தம் சராசரியாக 2 அல்லது 3 மில்லிமீட்டரே குறைகின்றது. அழுத்தம் அடங்காது நின்றவருக்குச் சற்று மிகுதியாகக் குறையலாம். உறக்கத்தைச் சீர்செய்தல் மருந்துக்குத் துணையே, மாற்று அன்று. அமெரிக்க இருதய சங்கம் 2022இல் இருதய நலத்திற்கு இன்றியமையாதன என்று எண்ணும் பட்டியலில் உறக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தபோது, பழைய ஏழில் எதனையும் நீக்கவில்லை.

லாரி ஓட்டுநரிடத்தில் சுவாசத் தடை மற்றொரு வகையிலும் கொடியது. உறக்கம் கெட்டவர் சக்கரத்தின் முன் கண்ணயர்ந்தால் கெடுவது அவர் இருதயம் மட்டுமன்று. குறட்டையும் பகல்மயக்கமும் உள்ள ஓட்டுநரைக் கண்டால், அழுத்தம் சரியாயிருப்பினும், அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கோ நுரையீரல் பிரிவுக்கோ அனுப்புதல் வேண்டும்.

பள்ளி ஆசிரியரின் கண்ணுக்கு வேறொரு கூட்டம் தென்படும். முதல் மணியிலேயே தலைசாய்க்கும் பிள்ளை, வாயைத் திறந்தபடி மூச்சுவிடும் பிள்ளை, ஓரிடத்தில் அமராது துருதுருவென்று திரியும் பிள்ளை ஆகியோரைச் சோம்பேறி என்றும் குறும்பன் என்றும் தள்ளுவதற்கு முன், இரவில் குறட்டை உண்டா என்று தாயை ஒருமுறை கேட்கலாம். தொண்டையின் இருபுறமும் மூக்கின் பின்புறமும் உள்ள சதைகள் பருத்துச் சுவாசத்தை அடைப்பது சிறுவரிடையே காணப்படும் நோய். குழந்தைகளிலும் அது இரத்த அழுத்தத்தைச் சிறிது உயர்த்துவதுண்டு, படிப்பையும் கெடுக்கும். பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சையால் தீரும். தந்தையோடு இரவில் எழுந்து விளக்குப் பிடிக்கவோ சிரட்டை சேர்க்கவோ சென்றுவரும் மாணவன் வகுப்பில் உறங்கினால், அது நோயன்று. அதனைத் தாய்தந்தையரிடம் பேசித் தீர்க்கவேண்டியவர் ஆசிரியரே.

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் வாரங்களில் பால்வெட்டு நிற்கின்றது. வருமானம் அற்ற அக்காலத்தில் தொழிலாளர் விடியும்வரை உறங்குகின்றனர். முன்னர் 150/96 காட்டியவரை அவ்வாரங்களில் மீண்டும் அழைத்து, அதே நேரத்தில், அதே கையில் அளந்து, இரண்டு பருவத்தின் எண்களையும் உறக்கநேரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தால், மருந்தின் அளவை நிர்ணயிக்க அவருக்கு அது உதவும். இரண்டிலும் எண் உயர்ந்தே நின்று, மனைவியும் குறட்டையைப் பற்றிச் சொல்வாராயின், அந்நோயாளியை மேற்பரிசோதனைக்கு அனுப்பத் தாமதிக்கலாகாது.